99.2% ஸ்பெசிஃபிசிட்டி உள்ள கிட்டில் பாதிக்கு மேல் பொய் பாசிட்டிவ்: கிட் கெட்டதா, கணக்கு கெட்டதா?

#1 சீரம்_குழாய்

வணக்கம். ஆன்டிபாடி ஸ்கிரீனிங்குக்கான எலைசா கிட் (ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் நிறம் காட்டும் சோதனை) ஒன்றைப் பற்றிச் சந்தேகம். கிட்டோடு வரும் தாளில் சென்சிட்டிவிட்டி (நோயாளிகளில் எத்தனை பேரைப் பிடிக்கிறது) 99.5%, ஸ்பெசிஃபிசிட்டி 99.2% என்று இருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாத 1,200 பேரின் சாம்பிளை ஓட்டியதில் 18 ரியாக்டிவ், அதாவது முதல் சோதனையில் பாசிட்டிவ். அந்த 18ஐயும் உறுதிப்படுத்தும் சோதனைக்கு அனுப்பியதில் 7தான் நிஜம், மீதி 11 பொய்.

பாசிட்டிவ் என்று சொன்னதில் 61% தவறு என்றாகிறது. 99.2% என்று அச்சடித்த கிட் இப்படிச் செய்யலாமா? லாட்டை (ஒரே தொகுதியாகத் தயாரான கிட்களை) திருப்பி அனுப்பச் சொல்லி மேலே நெருக்குகிறார்கள். அதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று போடுகிறேன்.

#2 மூன்றாம்_தசமம்

திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களே கிட்டுக்குச் சாதகமாகத்தான் பேசுகின்றன.

ஸ்பெசிஃபிசிட்டி என்பது நோய் இல்லாதவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சோதனை சரியாக நெகட்டிவ் என்று விட்டுவிடுகிறது என்பதே அது. பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், ஒரு நோயாளிகூட வரக்கூடாது.

உங்கள் 1,200இல் 7 பேரைக் கழித்தால் 1,193. அவர்களில் 11 பேருக்குப் பொய் பாசிட்டிவ், 1,182 பேருக்கு நெகட்டிவ். 1,182 ÷ 1,193 = 99.08%. தாளில் உள்ள 99.2% அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டால், 1,193 பேரில் சராசரியாக 9.5 பேருக்குப் பொய்யாக வரவேண்டும். உங்களுக்கு 11 வந்திருக்கிறது. இது தற்செயலுக்குள் அடங்கிவிடும். 17 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால் (தற்செயலாக அப்படி வர 2%க்கும் குறைவான வாய்ப்புதான்) லாட்டைச் சந்தேகிக்கக் காரணம் இருந்திருக்கும்.

நீங்கள் போட்ட 61%க்குப் பகுதி 18, அதாவது பாசிட்டிவ் வந்தவர்கள். அது வேறொரு கேள்வி: பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய்? 7 ÷ 18 = 39%. இதைப் பாசிட்டிவ் கணிப்பு மதிப்பு என்பார்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது லேபில் மட்டுமல்ல, வார்டிலும் அன்றாடம் நடக்கும் குழப்பம்.

#3 எதிர்க்கேள்வி

கணக்கு புரிகிறது. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு வேண்டியது அந்த 39%தானே? கம்பெனிக்காரர்கள் அதை ஏன் தாளில் போடுவதில்லை? அழகான எண்ணை மட்டும் காட்டிவிட்டு அசிங்கமானதை மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

#4 மூன்றாம்_தசமம்

மறைக்கவில்லை, அவர்களால் போட முடியாது. அந்த எண் கிட்டுக்குள் இல்லை. கிட் போய்ச் சேரும் மக்கள் கூட்டத்தில் இருக்கிறது.

சென்சிட்டிவிட்டி 95%, ஸ்பெசிஃபிசிட்டி 99% உள்ள ஒரு சோதனையை 10,000 பேருக்குச் செய்வதாக வையுங்கள்.

நூற்றில் 10 பேருக்கு நோய் இருக்கும் கூட்டம்: நோயாளிகள் 1,000, அதில் 950 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 9,000 பேரில் 90 பொய். பாசிட்டிவ் வந்தவர்களில் 91% நிஜம்.

நூற்றில் 1: நோயாளிகள் 100, பிடிபடுவது 95. இல்லாத 9,900இல் 99 பொய். நிஜம் 49%.

ஆயிரத்தில் 1: நோயாளிகள் 10, பிடிபடுவது 9 அல்லது 10. இல்லாத 9,990இல் ஏறத்தாழ 100 பொய். நிஜம் 9%க்கும் கீழே.

கிட் ஒன்றுதான், லாட் ஒன்றுதான், ஓட்டும் ஆளும் ஒருவர்தான். சீரம்_குழாய் ஓட்டிய கூட்டத்தில் நோய் 0.6% அளவில்தான் இருக்கிறது. அதனால் 39% எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். நூற்றில் 1 உள்ள அதே கூட்டத்தில் சென்சிட்டிவிட்டியை 95இலிருந்து 100க்கு ஏற்றினால் 49% என்பது 50% ஆகும், அவ்வளவுதான். சென்சிட்டிவிட்டியை 95இலேயே விட்டு, ஸ்பெசிஃபிசிட்டியை 99இலிருந்து 99.9க்கு ஏற்றினால் 91% ஆகிவிடும். நோய் அரிதாக உள்ள இடத்தில் ஸ்கிரீனிங் கிட் வாங்குபவர்கள் ஸ்பெசிஃபிசிட்டியின் தசமப் புள்ளிக்கு அப்பால் உள்ள எண்ணுக்காகத்தான் பேரம் பேச வேண்டும்.

#5 வார்டு_வாசல்

மருத்துவர் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம். ஸ்பெசிஃபிசிட்டி அதிகமான சோதனை பாசிட்டிவ் வந்தால் நோய் உறுதி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பாதி உண்மைதான்.

ஸ்பெசிஃபிசிட்டி 99% இருந்தும் சென்சிட்டிவிட்டி 5% மட்டுமே உள்ள சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியிடம் அது பாசிட்டிவ் வர வாய்ப்பு 5%, நோய் இல்லாதவரிடம் 1%. பாசிட்டிவ் முடிவு நோய்க்கான சாதகத்தை (நோய் இருக்கும் வாய்ப்புக்கும் இல்லாத வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தை) 5 மடங்குதான் கூட்டும். ஸ்பெசிஃபிசிட்டி 95%தான், ஆனால் சென்சிட்டிவிட்டி 95% என்றால் அந்தப் பெருக்கம் 19 மடங்கு. பார்வைக்குக் குறைவான ஸ்பெசிஃபிசிட்டி உள்ள சோதனை நோயை உறுதிசெய்வதில் முந்திக்கொள்கிறது.

அதனால் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிப் பயன்படுத்துவது நல்லது: சென்சிட்டிவிட்டி ÷ (1 − ஸ்பெசிஃபிசிட்டி). மேலே உள்ள 95/99 சோதனைக்கு அது 95. நூற்றில் 1 என்றால் சாதகம் 1க்கு 99. அதை 95ஆல் பெருக்கினால் 95க்கு 99, அதாவது 49%. தசமம் போட்ட விடையேதான் வருகிறது. படுக்கையருகே நின்று மனக்கணக்காகப் போட இதுவே எளிது.

ஸ்பெசிஃபிசிட்டி 90%, சென்சிட்டிவிட்டி 10% என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம். இரண்டையும் கூட்டினால் 100% வரும் சோதனை, காசைச் சுண்டிப் போடுவதற்குச் சமம். யூடன் 1950இல் தந்த குறியீடு இதைத்தான் அளக்கிறது: இரண்டையும் கூட்டி 1ஐக் கழித்தால் மிஞ்சுவதே சோதனையின் சரக்கு.

#6 சீரம்_குழாய்

நன்றி, பெரிய குழப்பம் தீர்ந்தது. அப்படியானால் எங்கள் ஓட்டத்தை வைத்தே சென்சிட்டிவிட்டியும் 100% என்று பதிந்துகொள்ளலாமா? 7 நிஜம், 7ம் பிடிபட்டிருக்கிறதே?

#7 மூன்றாம்_தசமம்

கூடாது. நெகட்டிவ் வந்த 1,182 பேரில் யாரையும் நீங்கள் உறுதிப்படுத்தும் சோதனைக்கு அனுப்பவில்லை. அங்கே எத்தனை நோயாளிகள் நழுவினார்கள் என்று தெரிய வழியில்லை. பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் சரிபார்த்து எடுக்கும் கணக்கு சென்சிட்டிவிட்டியை எப்போதும் ஊதிக் காட்டும்.

உங்கள் ஓட்டத்தில் ஸ்பெசிஃபிசிட்டி பெரிதாக அடிபடாததற்கு நோய் அரிதாக இருப்பதே காரணம். இரண்டு பேர் நழுவியிருந்தாலும் 1,180 ÷ 1,191, அப்போதும் 99.08%தான். நோய் 30% உள்ள வார்டில் இதே குறுக்குவழியைப் பிடித்தால் இந்த வசதி கிடைக்காது.

#8 இடைவெளி

யாரும் இன்னும் கேட்காத கேள்வி: அந்த 99.2% எத்தனை சாம்பிளில் வந்தது?

தாளின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். 500இல் 496 என்றால் 99.2% சரி. ஆனால் 95% நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) ஏறத்தாழ 98% முதல் 99.8% வரை விரிகிறது. உங்கள் 1,193 பேரில் 98% என்றால் 24 பொய், 99.8% என்றால் 2 பொய். இரண்டுமே தாளோடு முரண்படவில்லை. தசமம் சொன்ன 17 என்ற எல்லை, 99.2%ஐக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொண்டால்தான் நிற்கும். தாளின் எண்ணுக்கே உள்ள ஆட்டத்தையும் சேர்த்தால் எல்லை இன்னும் மேலே போகும்.

சிறிய ஆய்வுகளில் இது சிரிப்பாகவே ஆகிவிடும். 100க்கு 100 நெகட்டிவ், ஆகவே ஸ்பெசிஃபிசிட்டி 100% என்று எழுதுவார்கள். இருபக்க 95% இடைவெளியின் கீழ் எல்லை 96.4%. பொய் ஒன்றுகூட வராதபோது மனக்கணக்காக 3ஐச் சாம்பிள் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். பொய் விகிதம் அதற்கு மேல் போகாது என்று 95% நம்பலாம் (இது ஒருபக்கக் கணக்கு, அதனால் மேலே உள்ளதோடு சற்று வேறுபடும்). 100 சாம்பிளுக்கு 3%. 300க்கு 1%. ஸ்பெசிஃபிசிட்டி 99%க்குக் குறையவில்லை என்று 95% நம்பகத்தோடு சொல்ல, குறைந்தது 299 நெகட்டிவ் சாம்பிள், அதிலும் ஒரு பொய்கூட இல்லாமல் வேண்டும். புது கிட்டை 20 நெகட்டிவ் சாம்பிளில் ஓட்டிவிட்டு ‘ஸ்பெசிஃபிசிட்டி சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்திடும் வழக்கத்துக்கு என்ன பொருள் இருக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. 20க்கு 20 வந்தாலும் இருபக்க இடைவெளியின் கீழ் எல்லை 83%தான்.

#9 எதிர்க்கேள்வி

20 சாம்பிள் ஸ்பெசிஃபிசிட்டியை அளக்க அல்ல. கிட் வழியில் கெட்டுவிட்டதா, கருவியில் ஓடுகிறதா என்று பார்க்க. அதற்கு 20 போதும். பெயரைத்தான் தப்பாக வைக்கிறார்கள்.

#10 இடைவெளி

ஒப்புக்கொள்கிறேன்.

#11 பிணைப்பு_இடம்

நான் பயோகெமிஸ்ட்ரி பக்கம். எங்களிடம் ஸ்பெசிஃபிசிட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மேலே பேசிய சதவீதம் அல்ல. தாளைத் திறந்தால் அதே சொல் இரண்டு தலைப்புகளில் இருப்பதைப் பார்க்கலாம். ஒன்று ஆளைப் பற்றியது: நோய் இல்லாதவரை விட்டுவிடுகிறதா? மற்றது மூலக்கூறைப் பற்றியது: அளக்க வேண்டியதை மட்டும் அளக்கிறதா, அதைப் போன்ற வேறொன்றையும் சேர்த்து அளந்துவிடுகிறதா?

இரண்டாவதற்குக் கணக்கு வேறு. கார்டிசால் ஹார்மோனை ஆன்டிபாடி கொண்டு அளக்கும் இம்யூனோஅசேயில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து குறுக்கே வருவது தெரிந்த கதை. கார்டிசால் அளவு தெரிந்த சீரத்தில் லிட்டருக்கு 500 நானோமோல் பிரெட்னிசலோன் சேர்க்கிறீர்கள்; கருவி காட்டும் கார்டிசால் 150 கூடுகிறது என்றால் குறுக்கு வினை 150 ÷ 500 = 30%. இதை எந்த நோயாளிக் கூட்டத்தோடும் சேர்த்துப் பேச வேண்டியதில்லை.

சோதித்துப் பார்க்க: ஒரே சீரத் தொகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் 950 மைக்ரோலிட்டர் சீரத்தோடு 20 மடங்கு செறிவில் கரைத்த பொருள் 50 மைக்ரோலிட்டர். மற்றதில் 950 மைக்ரோலிட்டரோடு வெறும் கரைப்பான் 50. இரண்டையும் ஒரே ஓட்டத்தில், பலமுறை மாற்றி மாற்றி வைத்து அளந்து, சராசரிகளின் வேறுபாட்டைப் பாருங்கள். பலரும் தவறுவது கட்டுப்பாட்டுக் குழாயில்: வெறும் சீரத்தை வைத்துவிடுவார்கள். 5% நீர்த்துப்போனதும் கரைப்பானின் விளைவும் குறுக்கு வினையின் தலையில் விழும். சேர்க்கும் அளவு மொத்தத்தில் 5%ஐத் தாண்டினால் சீரம் சீரமாக நடந்துகொள்ளாது.

ட்ரோபோனினை (தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம்) யோசித்தால் இரண்டு பொருளும் எப்படி விலகி நிற்கின்றன என்பது தெரியும். ஆன்டிபாடி இதயத் தசையின் ட்ரோபோனினை மட்டும் பிடிக்கிறது. அந்த வகையில் ஸ்பெசிஃபிசிட்டி மிக உயர்வு. ஆனால் மாரடைப்புக்கு? சிறுநீரகம் பழுதானவர், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை), இதயச் செயலிழப்பு என்று பலரிடமும் அது ஏறியிருக்கும். இதயத் தசை காயப்பட்டது உண்மை, காரணம்தான் மாரடைப்பு அல்ல. 2018இல் வந்த மாரடைப்பின் நான்காவது உலகளாவிய வரையறை ஒற்றை எண்ணோடு நிற்காமல் ஏற்றமோ இறக்கமோ இருக்க வேண்டும் என்றும், கூடவே ரத்த ஓட்டக் குறைவுக்கான சான்றும் வேண்டும் என்றும் கேட்பது இதனால்தான்.

#12 வார்டு_வாசல்

சிஃபிலிஸ் சோதனையிலும் இதே கூத்து உண்டு. வி.டி.ஆர்.எல். என்ற ஸ்கிரீனிங் சோதனை பிடிப்பது கார்டியோலிப்பின் என்ற கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடியை. கிருமிக்குச் சொந்தமான ஒன்றல்ல அது. அதனால் கர்ப்பம், மலேரியா, தொழுநோய், லூபஸ் என்று பலவற்றில் பொய்யாக வரும். அப்படி வருபவை பெரும்பாலும் 1:8ஐத் தாண்டாத டைட்டரில் (எவ்வளவு நீர்த்தும் ரியாக்டிவாக நிற்கிறது என்ற அளவு) இருக்கும். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனை கிருமியின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பிடிக்கிறது, ஸ்பெசிஃபிசிட்டி கூடுதல். ஆனால் சிகிச்சை முடிந்து குணமானவரிடமும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ரியாக்டிவாகவே இருக்கும்.

‘சிஃபிலிஸ் எப்போதாவது வந்ததா’ என்ற கேள்விக்கு டி.பி.எச்.ஏ.யின் ஸ்பெசிஃபிசிட்டி உயர்வு. ‘இப்போது தொற்று இருக்கிறதா’ என்று கேட்டால் அதே சோதனை, அதே குழாய், ஸ்பெசிஃபிசிட்டி சரிந்துவிடும். எதற்கு என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் சொன்னால் அது பாதி வாக்கியம். மலேரியா ரேபிட் கார்டு தேடும் எச்.ஆர்.பி.2 என்ற ஒட்டுண்ணிப் புரதமும் இப்படித்தான். ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் மிதக்கும், கோடு விழும்.

#13 சீரம்_குழாய்

எங்கள் 11 பொய்யானவை ஏன் வந்தன என்று தேட வழி உண்டா? இல்லை, 0.8% என்பது விதி என்று விட்டுவிட வேண்டுமா?

#14 பிணைப்பு_இடம்

பாதியாவது கையாளும் விதத்தில் இருக்கும், தேடுங்கள். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் பிளேட் வரைபடம், அதாவது எந்தச் சாம்பிள் எந்தக் குழியில் இருந்தது என்ற படம். பொய்யானவை ஒரே வரிசையில் அல்லது பலமான பாசிட்டிவ் குழிக்கு அடுத்த குழியில் இருந்தால் கழுவலைத்தான் பிடிக்க வேண்டும். குழிக்கு 300 முதல் 350 மைக்ரோலிட்டர், 5 முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் ஊறல் என்பது பல கிட்களில் வரும் அளவு. உங்கள் தாளில் உள்ளதைப் பின்பற்றுங்கள். வாஷரின் ஊசி ஒன்று அடைத்திருந்தால் அந்த வரிசை முழுக்க கான்ஜுகேட் (நிறம் தரும் நொதி ஒட்டிய பொருள்) தங்கி நிறம் ஏறும்.

அடுத்து சாம்பிள். முழுதாக உறையாத ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில் ஃபைப்ரின் (உறைவுப் புரதம்) இழைகள் குழியில் ஒட்டிக்கொண்டு கழுவலுக்கு அசையாது. மீண்டும் சென்ட்ரிஃபியூஜ் செய்து மேலிருந்து எடுத்து ஓட்டுங்கள். 56 டிகிரியில் சூடாக்கிய சீரத்தைச் சில எலைசா ஏற்காது. அதைத் தாளில் தடை என்றே போட்டிருப்பார்கள்.

அதே சாம்பிளை இரட்டையாக மறுபடி ஓட்டுங்கள். மூன்றில் இரண்டு ரியாக்டிவ் என்றால்தான் ‘மீண்டும் ரியாக்டிவ்’. முதல் தடவை வந்து இரண்டு மறுஓட்டத்திலும் வராதவை கை, கழுவல், துகள் இவற்றின் வேலை. மூன்றிலும் வருபவை அந்த ஆளின் சீரத்திலேயே இருக்கும் ஏதோ ஒன்று. 11ஐ இப்படிப் பிரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஓ.டி.யை (நிறத்தின் அடர்வு) கட்-ஆஃபால் (ரியாக்டிவ் என்று கொள்ளும் எல்லை) வகுத்த விகிதத்தையும் பாருங்கள். பொய்யானவை பெரும்பாலும் 1ஐ ஒட்டிக் குவியும். நிஜமானவை பல மடங்கு மேலே இருக்கும். 11இல் சில மிக உயரத்தில் இருந்தால், அதுதான் சுவாரசியமான சாம்பிள்.

#15 பிணைப்பு_இடம்

விட்டுப்போனது: மூன்றிலும் உயரத்தில் நிற்கும் பொய்களில் ஹெட்டிரோஃபைல் ஆன்டிபாடியை (சோதனையின் ஆன்டிபாடிகளையே பிடித்துக்கொள்ளும் நோயாளியின் ஆன்டிபாடி) சந்தேகிக்க வேண்டும், குறிப்பாகப் பொருளை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிக்கும் சாண்ட்விச் அமைப்பில். பிடிக்கும் ஆன்டிபாடியையும் குறிக்கும் ஆன்டிபாடியையும் அது நேராகக் கோத்துவிடும். நடுவில் அளக்க வேண்டிய பொருளே இருக்காது. ருமட்டாய்டு ஃபேக்டரும் (முடக்குவாதத்தில் காணும் ஆன்டிபாடி) இதைச் செய்யும். அளவு சொல்லும் சோதனை என்றால் 1:2, 1:4, 1:8 என்று நீர்த்துப் பாருங்கள். நிஜமான பொருள் நேர்கோட்டில் இறங்கும். நீர்த்த மடங்கால் பெருக்கினால் 80 முதல் 120%க்குள் மீண்டு வரும். குறுக்கீடு தாறுமாறாக இறங்கும். இந்த ஆன்டிபாடிகளை முடக்கும் தடுப்புக் குழாயில் வைத்து மறுபடி அளப்பதும், வேறு கம்பெனியின் கருவி-கிட் அமைப்பில் ஓட்டுவதும் அடுத்த படிகள். எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோன்) என்றால் சிறுநீரிலும் பாருங்கள். இந்த ஆன்டிபாடிகள் சிறுநீருக்கு வராது. சீரத்தில் பாசிட்டிவ், சிறுநீரில் நெகட்டிவ் என்றால் சந்தேகம் வலுக்கும்.

பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை அதிக அளவில் சாப்பிடுபவர்களும் கணக்கில் உண்டு. ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை நம்பும் அசேக்களில் சாண்ட்விச் வகை குறைத்துக் காட்டும், போட்டி வகை (அளக்கும் பொருளும் குறியிட்ட பொருளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது) கூட்டிக் காட்டும். தைராய்டு ஹார்மோன் சோதனைகளில் டி.எஸ்.எச். குறைவு, ஃப்ரீ டி4 அதிகம் என்று அச்சு அசலாகத் தைராய்டு மிகைநோய் போலவே ரிப்போர்ட் வரும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017இல் இதற்கு எச்சரிக்கை விட்டது.

#16 ப்ரைமர்_ஜோடி

பி.சி.ஆர்.காரர்கள் (கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறிபவர்கள்) நாங்களும் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் மூலக்கூறுப் பொருளிலான ஸ்பெசிஃபிசிட்டியைத் தீர்மானிப்பது ப்ரைமரின் (இலக்கில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) 3' முனை, அதாவது நீட்டல் தொடங்கும் முனை. நடுவில் ஓரிரு எழுத்து பொருந்தாவிட்டாலும் ப்ரைமர் ஒட்டிக்கொள்ளும். 3' முனையில் பொருந்தாவிட்டால் பாலிமரேஸுக்கு நீட்டுவது கடினம். ஆகவே உறவுக் கிருமிகளிலிருந்து வேறுபடும் எழுத்தை அந்த முனையில் வரும்படி வடிவமையுங்கள். நீளம் 18 முதல் 25. அனீலிங்கை (ப்ரைமர் ஒட்டும் படியின் வெப்பம்) 55இலிருந்து 65 டிகிரி வரை கிரேடியன்ட் ஓட்டி, இலக்கு குறையாமல் தேவையற்ற பட்டை மறையும் உயர்ந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்னீசியம் கூடினால் பொருந்தாத ஒட்டலும் நிலைக்கும், 1.5 மில்லிமோலாரில் ஆரம்பித்துத் தேவைக்கு மட்டும் ஏற்றுங்கள்.

சாயம் மட்டும் வைத்து ஓட்டினால் உருகு வளைவு (பெருகிய டி.என்.ஏ. எந்த வெப்பத்தில் பிரிகிறது என்ற வரைபடம்) பார்க்காமல் பாசிட்டிவ் என்று சொல்லவே கூடாது. சாயத்துக்கு எந்த இரட்டை இழையும் ஒன்றுதான். ப்ரைமர்-டைமர் (ப்ரைமர்கள் தமக்குள் ஒட்டிப் பெருகியது) பொதுவாகக் குறைந்த வெப்பத்தில் தனிச் சிகரமாக நிற்கும்.

ஆனால் இதையெல்லாம் செய்து, மேசையில் பழைய பெருக்கப் பொருள் படிந்திருந்தால் என்ன ஆகும்? ப்ரைமரின் ஸ்பெசிஃபிசிட்டி குறையவே இல்லை. அது சரியான இலக்கைத்தான் பெருக்குகிறது. நோயாளியைப் பொறுத்தவரை பொய் பாசிட்டிவ். பிணைப்பு_இடம் பிரித்துக் காட்டிய இரண்டு பொருளில் முதல் பொருள் மட்டும் விழுகிறது. டெம்ப்ளேட் (சாம்பிளின் டி.என்.ஏ.) இல்லாத குழாய் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்கட்டும், அதையும் கடைசியாக நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பி மூடிவிட்டால் இடையில் நடந்த கசிவு அதில் தெரியாது.

#17 இடைவெளி

கட்-ஆஃபைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பெசிஃபிசிட்டி கிட்டோடு பிறந்த குணம் போலப் பேசுகிறோம். கட்-ஆஃபை நகர்த்தினால் அதுவும் நகரும், சென்சிட்டிவிட்டி எதிர்த்திசையில் போகும்.

நெகட்டிவ்களின் சராசரியோடு இரண்டு திட்ட விலக்கம் கூட்டிக் கட்-ஆஃப் வைத்தால் 97.7%, மூன்று கூட்டினால் 99.87% என்று பாடப்புத்தகக் கணக்கு வரும். ஓ.டி. பரவல் மணிவடிவில் இருந்தால்தான் இது செல்லும். நெகட்டிவ்களின் ஓ.டி. பெரும்பாலும் வலப்பக்கம் வால் நீண்டிருக்கும், ஆக நிஜத்தில் பொய்கள் கூடும். லாகரிதம் எடுத்துவிட்டுக் கணக்கிடுங்கள், அல்லது போதிய நெகட்டிவ்கள் இருந்தால் நேராக 99ஆம் சதமானத்தை எடுங்கள்.

‘நார்மல் ரேஞ்ச்’ என்பதே மறைந்து கிடக்கும் ஸ்பெசிஃபிசிட்டிதான். ஆரோக்கியமானவர்களில் நடுவில் உள்ள 95%ஐ எடுத்து எல்லை போடுகிறார்கள். அதாவது 5% பொய் அங்கேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் அச்சாக வாய்ப்பு 64%.

டி-டைமரில் (ரத்தக்கட்டி கரையும்போது வரும் துண்டை அளக்கும் சோதனை) வயது ஏற ஏற ஸ்பெசிஃபிசிட்டி விழுகிறது. அதனால்தான் 50 வயதுக்கு மேல் 500 என்ற ஒரே கட்-ஆஃபை விட்டுவிட்டு வயது × 10 என்று வைக்கும் வழக்கம் வந்தது. 70 வயதுக்கு 700. அலகு ஃபைப்ரினோஜன் இணை மைக்ரோகிராம்/லிட்டர் என்றால் மட்டும்தான் இந்தக் கணக்கு. டி-டைமர் அலகில் ரிப்போர்ட் தரும் லேப்கள் இதை அப்படியே ஒட்டினால் கட்-ஆஃப் இரு மடங்காகிவிடும்.

#18 எதிர்க்கேள்வி

எனக்கு முதலிலிருந்து உறுத்துவது வேறு. தாளில் உள்ள 500 நெகட்டிவ்கள் யார்? பெரும்பாலும் ரத்த தானம் செய்தவர்கள். ஆரோக்கியமானவர்கள், இளையவர்கள், ஏற்கெனவே கேள்வி கேட்டு வடிகட்டப்பட்டவர்கள். அவர்களிடம் 99.2% வருவதில் என்ன பெருமை? வேறு தொற்றோடு, ஆட்டோஇம்யூன் நோயோடு, கர்ப்பத்தோடு வருபவர்களிடம் ஓட்டினால்தானே கிட்டின் யோக்கியதை தெரியும்? ரான்சோஹாஃப், ஃபைன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 1978இலேயே இதை எழுதிவிட்டார்கள். கேட்பாரைத்தான் காணோம்.

#19 மூன்றாம்_தசமம்

இந்த இழையில் நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். சீரம்_குழாய் விஷயத்தில் அறிகுறி இல்லாதவர்களை ஓட்டியதால் தாளின் எண் பொருந்தியது. நாளை இதே கிட்டைக் காய்ச்சல் வார்டுக்குக் கொண்டுபோனால் 99.2% கூடவே வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒப்பிடும் தங்கத் தரம் (உண்மை என்று எடுத்துக்கொள்ளும் சோதனை) மட்டமாக இருந்தால் நல்ல சோதனை பழி சுமக்கும். கல்ச்சரோடு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒப்பிட்டுப் பி.சி.ஆரை மதிப்பிடும்போது, கல்ச்சர் தவறவிட்டதைப் பி.சி.ஆர். பிடித்தால் அது ‘பொய் பாசிட்டிவ்’ கணக்கில் விழும். அதைச் சரிசெய்கிறோம் என்று முரண்பட்ட சாம்பிள்களை மட்டும் மூன்றாவது சோதனைக்கு அனுப்பிக் கணக்கைத் திருத்துவது இன்னும் மோசம். இரண்டும் ஒத்துப்போன இடத்தில் இரண்டுமே தவறாக இருக்கலாம். அங்கே யாரும் தேடுவதில்லை. அந்த வழியில் எண்கள் மேலே மட்டும்தான் போகும்.

#20 வார்டு_வாசல்

உறுதிப்படுத்தும் சோதனை பற்றி: இரண்டு சோதனைகளும் தனித்தனியாகத் தவறும் என்றால், 99% உள்ள இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பொய் 1% × 1%, ஸ்பெசிஃபிசிட்டி 99.99%. விலை சென்சிட்டிவிட்டியில்: 95%, 95% என்றால் சேர்ந்து 90.25%. காகிதத்தில் அழகு. நடைமுறையில் இரண்டாவது கிட்டும் அதே ஆன்டிஜன், அதே தயாரிப்பு முறை என்றால் முதல் கிட்டை ஏமாற்றிய சீரம் இரண்டாவதையும் ஏமாற்றும், பெருக்கல் செல்லாது. எச்.ஐ.வி.க்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் எல்லா நாடுகளுக்கும் அடுத்தடுத்து மூன்று வெவ்வேறு அசேக்களும் ரியாக்டிவ் வரவேண்டும் என்று சொன்னதன் பின்னணியும் மேலே தசமம் போட்ட பட்டியல்தான்: சோதனைக்கு வருபவர்களில் நோய் விகிதம் குறையக் குறைய, இரண்டு சோதனை மட்டும் போதாமல் போகிறது.

#21 சீரம்_குழாய்

லாட் இங்கேயே இருக்கட்டும். 11ஐயும் இரட்டையாக மறுபடி ஓட்டிப் பிரிக்கிறேன், பிளேட் வரைபடத்தையும் எடுக்கிறேன். கடைசியாக ஒன்று: உறுதிப்படுத்தும் முடிவு வரும்வரை ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? இப்போது ‘பாசிட்டிவ்’ என்று போகிறது.

#22 வார்டு_வாசல்

அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். ‘ஸ்கிரீனிங்கில் மீண்டும் ரியாக்டிவ், உறுதிப்படுத்தும் சோதனை நிலுவையில்’ என்று எழுதுங்கள், கீழே ஓ.டி./கட்-ஆஃப் விகிதமும் இருக்கட்டும். முதல் ஓட்டத்தில் மட்டும் வந்து மறுஓட்டம் இரண்டிலும் வராதவை ‘நான்-ரியாக்டிவ்’ என்றே போகலாம், உங்கள் தாள் அதை அனுமதித்தால்.

#23 மூன்றாம்_தசமம்

கூடவே லாட் எண் வாரியாக ஒரு அட்டவணை தொடங்குங்கள்: ஓட்டியது, முதல் ரியாக்டிவ், மீண்டும் ரியாக்டிவ், உறுதியானது. நான்கே பத்திகள். புது லாட் வந்ததும் முதல் ரியாக்டிவ் மட்டும் துள்ளினால் கழுவலையும் சாம்பிளையும் பாருங்கள். மீண்டும் ரியாக்டிவ் கூடி, உறுதியானது கூடாமல் நின்றால் அப்போது கம்பெனிக்கு எழுதுங்கள், சாம்பிள்களையும் உறையவைத்துக் கையில் வைத்துக்கொண்டு.